வாந்திக்குப் போட்ட ஊசியும் கோணிய கழுத்தும்: டோபமைன் மருந்துகள் புழங்கும் வீடுகளுக்கு

காலையில் வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசி போட்டுக்கொண்டு வந்த இருபது வயதுப் பெண்ணுக்குச் சாயங்காலம் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்கிறது. கண்கள் மேலே செருகி நிற்கின்றன. தாடை இறுகி நாக்கு வெளியே தள்ளுகிறது. நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது, கேட்டதற்குப் பதில் சொல்லப் பார்க்கிறாள். வீட்டில் ஒருவர் வலிப்பு என்று கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். இன்னொருவர் காத்துக்கருப்பு என்று வேப்பிலை ஒடிக்கப் போகிறார். இரண்டுமே இல்லை. மூளையில் நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் டோபமைன் என்ற பொருள் உட்கார வேண்டிய இடத்தில் அந்த ஊசி மருந்து போய் உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் புரோமெத்தசின் போன்ற ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் கழுத்து இளகிவிடும். ஆனால் முதல் மருந்து உடம்பைவிட்டுப் போகும்வரை முறுக்கு திரும்ப வரக்கூடும் என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு மாத்திரையும் தருவார்கள். அதை விட்டுவிடக் கூடாது. குரல் அடைத்தாலோ மூச்சு இழுத்தாலோ நொடியும் தாமதிக்காமல் கிளம்ப வேண்டும். கிளம்பும்போது காலையில் போட்ட ஊசியின் சீட்டு கையில் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் வலிப்பு, தனுர்வாயு, மூளைக்காய்ச்சல் என்று சந்தேகம் சுற்றிக்கொண்டே போகும்.

இந்தச் சின்ன விபத்து, டோபமைனைப் பற்றி ரீல்ஸ்களில் சொல்லப்படும் பாதி விஷயத்தைப் பொய்யாக்கிவிடுகிறது. 'மகிழ்ச்சி ஹார்மோன்' தடைபட்டால் சோகம்தானே வர வேண்டும், கழுத்து ஏன் கோண வேண்டும்? ஏனென்றால் டோபமைனுக்கு ஒரே வேலை இல்லை. நடுமூளையில் இருக்கும் சில லட்சம் நரம்பணுக்களே இதைப் பெரும்பாலும் தயாரிக்கின்றன. அங்கிருந்து ஒரு பாதை அசைவுகளைச் சீராக்கும் ஸ்ட்ரையேட்டம் பகுதிக்குப் போகிறது. இன்னொன்று 'இதை நாடு, இதற்காக எழுந்து போ' என்று உந்தும் பகுதிக்கும், மற்றொன்று திட்டமிடலையும் கவனத்தையும் பார்த்துக்கொள்ளும் மூளையின் முன்பகுதிக்கும் போகின்றன. இவற்றுக்குச் சம்பந்தமில்லாமல் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கு ஒரு குட்டிப் பாதை உண்டு. தாய்ப்பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினை அடக்கிவைப்பது அதன் வேலை. நாம் விழுங்கும் மாத்திரைக்கு எந்தப் பாதை என்று தெரியாது. ஒன்றைச் சரிசெய்யக் கொடுத்தது மற்ற மூன்றிலும் கை வைக்கும். டோபமைன் மருந்துகளின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தில் அடங்கிவிடும்.

கேஸ் மாத்திரையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது அங்கேதான். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல், ராபிப்ரசோல் வகைகளோடு லெவோசல்பிரைடு என்ற மருந்தைச் சேர்த்த கேப்சூல்கள் இங்கே சகஜம். லெவோசல்பிரைடு டோபமைன் ஏற்பிகளை, அதாவது டோபமைன் வந்து உட்கார வேண்டிய இடங்களை, அடைக்கும் மருந்து, மூளைக்குள்ளும் போகும். சில வாரங்களுக்கு எழுதிக்கொடுத்ததை, வயிறு லேசாக இருக்கிறது என்று மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அறுபத்தைந்து வயதுக்காரருக்கு நடை சுருங்கி, கை ஆடாமல், முகம் இறுகிப்போகிறது. உதறுவாதம் (பார்க்கின்சன் நோய்) என்று முடிவாகி அதற்கும் மாத்திரை ஆரம்பமாகிறது. ஒரு மருந்து அடைக்கிறது, இன்னொரு மருந்து திறக்கப் பார்க்கிறது, இரண்டுக்கும் காசு கொடுப்பது ஒரே ஆள்.

தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃப்ளூனரிசின், வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் தரும் புரோக்ளோர்பெரசின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யக்கூடியவை. ஆகவே ஒருவருக்குப் புதிதாக நடுக்கமோ மந்தமோ வந்தால், நரம்பியல் மருத்துவரிடம் போகும் முன் கடந்த ஒரு வருடமாகப் போட்ட எல்லா அட்டைகளையும் ஒரு பையில் அள்ளிக்கொள்ளுங்கள். கேஸ் மாத்திரையையும் சேர்த்துத்தான். 'அது சும்மா கேஸுக்கு' என்று வீட்டில் விட்டுவிட்டு வந்த அட்டையில்தான் பல நேரம் விடை இருக்கும். இத்தகைய மந்தம் மருந்தை நிறுத்திய பின் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். வடியாமல் நின்றால், உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த நோயை மருந்து வெளியே காட்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

அதே கேப்சூல் ஒரு பெண்ணிடம் பிட்யூட்டரி பாதையில் கை வைக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகும், பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசியும். புரோலாக்டின் அளவு ஏறியிருப்பது ரத்தத்தில் தெரிந்ததும் தலைக்கு எம்.ஆர்.ஐ. என்று செலவு ஓடத் தொடங்கும். கட்டியும் காரணமாக இருக்கலாம் என்பதால் ஸ்கேனே வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்கு முன் மருந்துப் பட்டியலை மருத்துவரிடம் காட்டி, நிறுத்தக்கூடிய மருந்து என்றால் நிறுத்திவிட்டுப் புரோலாக்டினை மறுபடி பார்க்க முடியுமா என்று கேட்க வேண்டும். மனநல மருந்து என்றால் நீங்களாக நிறுத்தவே கூடாது. அதற்கு வருகிறேன்.

உதறுவாதம் என்று நாம் சொல்லும் பார்க்கின்சன் நோயில் நிலைமை வேறு. அங்கே டோபமைனை யாரும் அடைக்கவில்லை, தயாரிக்கும் அணுக்களே அழிந்துகொண்டிருக்கின்றன. நடுக்கம் கண்ணுக்குத் தெரிவதற்குள் அவற்றில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். இந்த நோய்க்கு மருந்து பிறந்த கதையில் இந்திய வேர் ஒன்றும் இருக்கிறது. சர்ப்பகந்தியிலிருந்து பிரித்த ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தபோது அவை அசையாமல் காதைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டன. சுவீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957-ல் அவற்றுக்கு, உடம்பில் டோபமைனாக மாறும் லெவோடோபாவைச் செலுத்தியதும் எழுந்து நடமாடின. டோபமைன் மூளையில் தனி வேலை செய்யும் பொருள் என்பதற்கு அதுவே பெரிய சான்று. அதற்காக 2000-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இறந்த நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றியிருப்பதை 1960-ல் வியன்னாவின் ஹார்னிகீவிச் காட்டினார்.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகும் தடுப்பை அது தாண்டாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சொட்டு சொட்டாக ஏற்றும் டோபமைன் ரத்த அழுத்தத்தை ஏற்றத்தான், மனதுக்கு அல்ல. வாழைப்பழத்தில் டோபமைன் இருக்கிறது என்பது உண்மை, அது மூளைக்குப் போகாது என்பதும் உண்மை. மனச்சோர்வுக்கு 'டோபமைன் லெவல்' ரத்தப் பரிசோதனை என்று யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

லெவோடோபா அந்தத் தடுப்பைத் தாண்டும். ஆனால் வழியிலேயே குடலும் ரத்தமும் அதை டோபமைனாக மாற்றிவிடும், வாந்தி வருவது அதனால்தான். வழியில் மாறாமல் காப்பது, அதோடு சேர்த்துத் தரும் கார்பிடோபா. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. உடம்பில் அந்த மாற்றத்தைத் தடுக்க ஒரு நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா தேவை. கடைகளில் 110 என்ற எண்ணோடு வரும் மாத்திரையில் லெவோடோபா 100, கார்பிடோபா 10. நாளைக்கு மூன்று போட்டால் கார்பிடோபா வெறும் 30. குமட்டுகிறது, 'எனக்கு இந்த மருந்தே ஒத்துக்கலை' என்று நோயாளி ஒதுங்கிவிடுகிறார். 100-க்கு 25 என்ற கலவையில் அதே மூன்று மாத்திரை 75 தந்துவிடும். ஆரம்பத்தில் குமட்டினால் மருந்தை விட்டுவிடாமல், கலவையை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குமட்டலுக்கு மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம். மூளைக்குள் அதிகம் போகாத டொம்பெரிடோனைத் தருவார்கள், இதயத் துடிப்பில் கோளாறு இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது காபி. காலையில் பால் காபியோடு மாத்திரையை விழுங்குவது நம் வீட்டுப் பழக்கம். லெவோடோபா சிறுகுடலின் மேல்பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. பால், தயிர், பருப்பு, முட்டை, கறி எது முந்தினாலும் மருந்து வெளியே வரிசையில் நிற்கும். அதனால் வெறும் தண்ணீரில், ஒரு முழு டம்ளர், நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி முதல் முக்கால் மணி முன்பு, அல்லது சாப்பிட்டு ஒன்றரை இரண்டு மணி கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் கொஞ்சம் பொரியோ அரிசிக் கஞ்சியோ போதும். இரும்புச்சத்து மாத்திரை இதைக் கட்டிப்போட்டுவிடும், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 மணி நேரம் விடுங்கள். புரதத்தையே நிறுத்திவிடுகிற வீடுகளும் இருக்கின்றன. அது தப்பு, ஆள் மெலிந்து எழுந்து நிற்கவும் பலமில்லாமல் போய்விடுவார். மருந்து வேலை செய்யாத மணிகள் பகலில் அதிகமாக இருந்தால், பருப்பையும் முட்டையையும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் போதும். மலச்சிக்கலைக் கவனிப்பதும் மருந்து கொடுப்பதில் சேர்த்திதான். வயிறும் குடலும் மந்தமானால் மாத்திரை இரைப்பையிலேயே கிடந்து, மதியம் வேலை செய்ய வேண்டியது சாயங்காலம் வேலை செய்யும்.

நேரம் விஷயத்தில் கறாராக இருங்கள். கார்பிடோபாவோடு சேர்ந்தும் லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஒன்றரை மணி நேரம்தான் ஆகும். முதல் சில வருடங்களில் மிச்சமிருக்கும் அணுக்கள் அதைச் சேமித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், அரை மணி முன்பின் ஆனாலும் தெரியாது. போகப் போகச் சேமிக்க ஆளில்லை. அப்போது 7, 11, 3, 7 என்று எழுதியிருந்தால் 11 என்பது 11 தான். பூஜை முடியட்டும், சீரியல் முடியட்டும் என்றால் ஆள் நாற்காலியில் உறைந்துவிடுவார். மருந்து போதவில்லையா, மிஞ்சிவிட்டதா என்று மருத்துவர் கேட்கும்போது 'பரவாயில்லை சார்' என்பது பதில் இல்லை. சந்திப்புக்கு முந்தைய மூன்று நாள், அரை மணிக்கு ஒரு கட்டம் போட்ட தாளில் குறித்துவையுங்கள்: தூக்கம், இறுக்கம், நல்ல நடமாட்டம், தன்னால் வரும் நெளிவாட்டம் என்று நான்கே குறிகள். மாத்திரை போட்ட நேரமும் சாப்பிட்ட நேரமும் பக்கத்தில். நெளிவாட்டத்தைச் செல்பேசியில் ஒரு நிமிடம் படம் எடுத்துவைத்தால், நடுக்கத்தையும் நெளிவையும் குழப்பிக்கொண்டு மருந்தைக் கூட்டும் தவறு நடக்காது. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற 3 நிமிடத்திலும் ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 20 இறங்கினால் விழுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

நிலைப்படியில் கால் ஒட்டிக்கொண்டு நிற்பவரைப் பிடித்து இழுக்காதீர்கள், அப்படித்தான் இடுப்பெலும்பு உடைகிறது. தானாக நடக்கவைக்கும் பாதை பழுதாகியிருக்கிறது, பார்த்து நடக்கும் பாதை பழுதாகவில்லை. தரையில் ஓர் அடி இடைவெளிக்குக் குறுக்கே நிறமுள்ள டேப் ஒட்டி, 'அந்தக் கோட்டைத் தாண்டுங்க' என்றால் தாண்டிவிடுவார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொடுத்தாலும் நடப்பார்.

இனி பூனைக்காலி என்ற மூலிகைக் கொடி. இதன் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து 1937-ல் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும். அந்தப் பொருளின் மருத்துவப் பயன் உலகத்துக்குத் தெரிய இன்னும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஆக, பூனைக்காலிப் பொடியில் சரக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிரச்சினையே சரக்கு இருப்பதுதான். நூறு கிராம் விதையில் சுமார் 4, 5 கிராம் லெவோடோபா, விளைந்த இடத்தையும் வேகவைத்த விதத்தையும் பொறுத்துக் கூடும் குறையும். 10 கிராம் பொடி என்றால் 400, 500 மில்லிகிராம். தனியாகச் சாப்பிட்டால் பெரும்பகுதி வழியிலேயே வீணாகும். ஏற்கெனவே மாத்திரை போடுபவர் சாப்பிட்டால், மாத்திரையில் இருக்கும் கார்பிடோபா பொடியின் லெவோடோபாவையும் காப்பாற்றி மூளைக்கு அனுப்பிவிடும். கை கால் நெளிவு, இல்லாத ஆட்கள் கண்ணில் தெரிவது, ரத்த அழுத்தம் இறங்குவது எல்லாம் அதன் பிறகு வரும். மருத்துவரோ மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பார், பொடி கணக்கில் இல்லை. 'இயற்கைதானே' என்று மறைக்காமல் எத்தனை ஸ்பூன் என்று சொல்லிவிடுங்கள்.

லெவோடோபாவுக்குப் பதிலாகவோ கூடவோ தரும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை டோபமைனாக மாறுவதில்லை. டோபமைன்போல நடித்து ஏற்பிகளை நேராகத் தட்டும், நாடச் சொல்லும் பாதையை அளவுக்கு மீறியே தட்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 பார்க்கின்சன் நோயாளிகளை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட முடிவில், இவ்வகை மருந்து எடுப்பவர்களில் 17.1 சதவீதம் பேருக்குக் கட்டுப்படுத்த முடியாத ஏதோ ஒரு வேட்கை இருந்தது. எடுக்காதவர்களில் அது 6.9 சதவீதம். சூதாட்டம், வாங்கிக் குவித்தல், தின்றுகொண்டே இருத்தல், காம வேட்கை என்று நான்கு வகை. வாழ்நாள் முழுக்க ஐந்து ரூபாய்க்குக் கணக்குப் பார்த்த ஓய்வுபெற்ற ஆசிரியர், ராத்திரி இரண்டு மணிக்கு ரம்மியில் ஓய்வூதியத்தைக் கரைப்பது இப்படித்தான். வீட்டில் இதை ஒழுக்கக் கேடாக எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள், அவர் இன்னும் மறைக்கிறார். மாத்திரை தொடங்கிய தேதியையும் வங்கிக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மருந்து தொடங்கும் அன்றே மனைவியிடமோ பிள்ளையிடமோ இதைச் சொல்லிவைப்பது நல்லது, ஏனென்றால் நோயாளி தானாகச் சொல்ல மாட்டார். தெரிந்தவுடன் நிறுத்திவிடவும் கூடாது. படிப்படியாகக் குறைக்காவிட்டால் பதற்றமும் வியர்வையும் ஆழ்ந்த சோர்வும் வரும். இந்த மருந்துகளில் திடீர்த் தூக்கமும் உண்டு, வண்டிச் சாவியை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோயில் எதிர்த் திசை. ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகுதியாக வெளிவருவதால் சாதாரண விஷயங்களுக்கெல்லாம் தனக்கென்று ஒரு பொருள் இருப்பதாகத் தோன்றுகிறது. பஸ் ஹாரன் தனக்கான சைகை, பக்கத்து வீட்டுச் சிரிப்பு தன்னைப் பற்றி. 1950-களில் குளோர்புரோமசின் வந்ததிலிருந்து இன்றுவரை இதற்குத் தரும் பெரும்பாலான மருந்துகள் டோபமைனின் டி2 என்ற வகை ஏற்பிகளை அடைப்பவை. மூளை ஸ்கேன் ஆய்வுகளில் ஓர் உருப்படியான எல்லை தெரிந்தது: ஏற்பிகளில் ஏறக்குறைய 65 சதவீதம் அடைபட்டால் குணம் தெரியத் தொடங்கும், 80-ஐ நெருங்கும்போது இறுக்கமும் நடுக்கமும் தொடங்கும். குணத்துக்கும் தொல்லைக்கும் இடையே அவ்வளவு சின்ன சந்துதான். 'டோஸைக் கூட்டுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகட்டும்' என்று கெஞ்சுவதால் சீக்கிரம் சரியாவதில்லை.

இங்கே குடும்பத்தார் கண்டுபிடிக்க வேண்டியது இருப்புக்கொள்ளாமை. மருந்து தொடங்கிய அல்லது கூட்டிய சில நாட்களில் ஆள் உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறார், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைக்கிறார், 'உள்ளே என்னவோ நச்சரிக்குது' என்கிறார். பார்ப்பவருக்கு நோய் முற்றியதுபோல் இருக்கும். அப்படிச் சொன்னால் டோஸ் கூடும், நச்சரிப்பும் கூடும். இதில் தற்கொலை எண்ணம்வரை போனவர்கள் உண்டு. 'சத்தம் கேட்குதா, பயமா இருக்கா, இல்ல கால்தான் நிக்க மாட்டேங்குதா?' என்று தனியாகக் கேளுங்கள். கால்தான் என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே போன் செய்யுங்கள். அளவைக் குறைத்தோ புரொப்ரனலால் சேர்த்தோ தணிக்கலாம்.

மாதங்கள், வருடங்கள் கழித்து வரும் வாய் அசைவு வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வாயில் எதுவும் இல்லாமல் உட்காரவைத்து, வலது கை விரல்களைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொடச் சொல்லுங்கள். கவனம் விரலில் இருக்கும்போது உதடோ நாக்கோ தன்னால் மெல்லுவதுபோல் அசைகிறதா என்று பாருங்கள். ஆரம்பத்தில் பிடித்தால் மருந்தை மாற்ற வழி இருக்கும். நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் இந்த வாய் அசைவை அதிகமாக்கும், இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

மனச்சிதைவில் காதில் கேட்ட குரல்கள் மருந்தில் அடங்கிய பிறகும் மகன் குளிக்காமல், எழாமல் படுத்தே கிடப்பதைச் 'சோம்பேறி' என்று திட்டாத வீடு குறைவு. டோபமைனை அழித்த எலிகளின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் விட்டால் ரசித்து நக்கும். ஆனால் தட்டு பக்கத்தில் இருந்தும் எழுந்து போய்ச் சாப்பிடாமல் பட்டினி கிடக்கும். ரசிப்பு ஒன்று, நாடிப் போவது இன்னொன்று. மகனுக்கும் படம் பிடிக்கும், பிரியாணி பிடிக்கும், தொடங்கத்தான் முடியாது. 'குளிக்கக் கூடாதா' என்பதற்குப் பதில், 8 மணிக்கு வெந்நீர் விளாவி, துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, 'வா' என்று கூடவே நாலு அடி நடப்பது வேலை செய்யும். ஒரு நேரத்தில் ஒரே வேலை, முடிந்ததும் அப்போதே ஒரு நல்ல வார்த்தை. மாதக் கடைசியில் தருவதாகச் சொன்ன பரிசு இந்த மூளையை எழுப்பாது.

'டோபமைன் விரதம்' என்று செல்பேசியை ஒரு நாள் மூடிவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதில் டோபமைன் குறைவதும் இல்லை, நிரம்புவதும் இல்லை. எதிர்பாராமல் கிடைக்கும் நல்லதுக்கே டோபமைன் அணுக்கள் அதிகம் துடிக்கின்றன. எப்போது என்ன வரும் என்று தெரியாத திரையை விரல் இழுத்துக்கொண்டே இருப்பது அதனால்தான். அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, நாளில் குறித்த இரண்டு நேரத்தில் மட்டும் திறப்பது விரதத்தைவிட உருப்படியானது.

கடைசியாக, மருத்துவமனை வாசம். விழுந்து எலும்பு உடைந்தோ நிமோனியாவோடோ பார்க்கின்சன் நோயாளி வார்டில் சேரும்போது, மருந்து வார்டின் நேரப்படி 8, 2, 8 என்று மாறிவிடும். அறுவைக்கு 'வாயில் எதுவும் கூடாது' என்பார்கள், லெவோடோபா மாத்திரை முழுதாக நின்றுபோகும். திடீரென்று நின்றால் கடும் காய்ச்சல், கட்டைபோல் இறுக்கம், நினைவு தடுமாற்றம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மயக்க மருத்துவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். காலை டோஸைச் சிறிது தண்ணீரோடு தரலாமா, விழுங்க முடியாவிட்டால் மூக்குக் குழாய் வழி தரலாமா என்று. மெதுவாகக் கரையும் சி.ஆர். மாத்திரையைக் குழாய்க்காகப் பொடிக்கக் கூடாது, சாதாரண மாத்திரையாக மாற்றித்தரச் சொல்ல வேண்டும். இரவில் ஆள் குழம்பிக் கத்தினால் ஹாலோபெரிடால் ஊசி வந்துவிடும், அது இவரை நாட்கணக்கில் முடக்கிப்போடும். குவெட்டியபின் போன்ற மாற்று உண்டு என்று அந்த நேரத்தில் சொல்ல ஆள் வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு தாள் போதும். மேலே பெயரும் நோயும். அடுத்து ஒவ்வொரு மாத்திரையும் மில்லிகிராம் எண்ணோடு, மணி நேரத்தோடு; '1-0-1' என்று எழுதினால் அது நேரம் ஆகாது. அதன் கீழே சிவப்பு மையில்: மெட்டோகுளோப்ரமைடு, லெவோசல்பிரைடு, புரோக்ளோர்பெரசின், ஹாலோபெரிடால் வேண்டாம். கடைசி வரியில் நரம்பியல் மருத்துவரின் எண். ஒரு நகல் மாத்திரைப் பெட்டி மூடியின் உள்பக்கம், ஒன்று அவர் சட்டைப் பையில், ஒன்று வார்டில் கேஸ் ஷீட்டோடு பின் குத்தி. ஷிப்ட் மாறும்போது வரும் நர்ஸிடம் அதை மறுபடி காட்ட வேண்டும்.